வெள்ளச்சிக்கு எங்கே வலிக்கிறது

மழை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று கிடக்கிற எங்கள் கருங்காட்டுவலசில், மேகத்தைத் தேடி மட்டுமே அண்ணாந்து பழகிய கழுத்துகளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. யுத்த காலத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன ஓடுபாதையைச் செப்பனிட்டு, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரே ஒரு வெள்ளை விமானம், சொல்லிக்கொடுக்க ஒரு கேப்டன், விமானத்தைப் பழுது பார்க்கத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஜெயசீலன் என்கிற இஞ்சினியர், அவ்வளவுதான். மாட்டுக்குப் பெயர் வைக்கிற பழக்கத்தில் நாங்கள் அந்த விமானத்துக்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தோம்.

வெள்ளச்சி வந்த வருஷம், சோளம் கதிர் பிடிக்கிற பருவத்தில், ஒரு நாள் காலை டீக்கடைப் பழனாத்தாளுக்கு வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. அவள் எங்கேயும் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை, படுத்து எழுந்தாள், வீங்கியிருந்தது. நொண்டிக்கொண்டே கொட்டகைக்கு டீ கொண்டுபோனபோது, ஜெயசீலன் வெள்ளச்சியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து, எண்ணெய் கசிந்து தளர்ந்துபோயிருந்த அதன் காலைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் ஸ்பானரை ஒரு சுற்றுச் சுற்ற, பழனாத்தாளின் வீக்கம் கொஞ்சம் வடிந்தது; இன்னொரு சுற்றுச் சுற்ற, இன்னும் கொஞ்சம் வடிந்தது; வேலையை முடித்து அவர் எழுந்தபோது அவள் டம்ளரை நீட்டிக்கொண்டு நேராக நின்றாள்.

"ஏனுங் சார், இது உங்க வண்டி நோவுங்களா, என்ற நோவுங்களா?" என்று கேட்டாள்.

ஜெயசீலன் சக்கரத்தைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், டீயை வாங்கிக் குடித்தார். "யார் நோவா இருந்தா என்னம்மா, போயிட்டுல்லா" என்றார்.

அதற்கப்புறம் தையல்கடை அப்பாஸுக்குக் கடைவாய்ப் பல் வலியில் விண்ணென்று தெறித்தது. வெள்ளச்சியின் இஞ்சினில் ஒரு பிளக் கரி பிடித்துக் கிடந்தது. தபால்கார விஜயாவுக்குக் காரணமில்லாமல் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் டேங்கின் மூடி கசிந்துகொண்டிருந்தது. பிழைப்புக்காகத் திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் வேலை செய்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு அங்கே கழுத்து பிடித்துக்கொண்டு திரும்பவில்லை. அவன் தைலம் கூடத் தேய்க்காமல் நேராகக் கொட்டகைக்குப் போன் போட்டு, "சார், எதோ திரும்ப மாட்டேங்குதுங்க, பாருங்க" என்றான், பார்த்தால் திசை திருப்புகிற கம்பி ஒன்று சிக்கியிருந்தது. காரணம் தேடியவர்கள் இல்லாமலில்லை. ஓடுபாதைக்கு அடியில் பழைய கிணறு ஒன்று மூடப்பட்டிருக்கிறது என்றார்கள், பள்ளிக்கூட வாத்தியார் காந்தம், மின்சாரம் என்று கரும்பலகை நிறைய எழுதினார். ஜெயசீலன் மட்டும், "காரணம் எங்கயும் ஓடிராது, மொதல்ல நட்டை முறுக்குவோம்" என்று சொல்லிவிட்டார், எங்களுக்கும் அதுவே சரியாகப் பட்டது.

ஒரு ஊருக்கு எதுதான் பழகாது? ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எங்களைக் கண்டதும், "கொட்டகைக்குப் போயிட்டு வந்தீங்களா? அங்க சரியாகலைன்னா இங்க வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள், பையனுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்பதற்கு முன்னால் வெள்ளச்சி நோவு உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றால் மரியாதை ஒரு படி கூடியது. பால் சொசைட்டித் தலைவர் குழந்தைசாமிக்கு மட்டும் ஒரு முறை ஒரு சுளுக்குக்கூட வரவில்லை. ஊரில் எல்லா நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்கிற மனுஷனை வெள்ளச்சி சீந்தவே இல்லையே என்று அவருக்கு அவ்வளவு வருத்தம். தினமும் காலையில் கையைக் காலை உதறிப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுவார், நாங்கள் வேண்டுமென்றே "என்னங் தலைவரே, இன்னிக்காச்சும்?" என்று கேட்போம்.

இப்படி ஏற்பட்டதுதான் நோவு நேரம். வெள்ளச்சி காலையில் முதல் முறை பறப்பதற்கு முன்னால் ஊர் கொட்டகை வாசலில் கூடும். ஜெயசீலன் வெளியே வந்து, "யாருக்காவது, எங்கயாவது?" என்று கேட்பார். வலிக்கிறவர்கள் வலிக்கிற இடத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இது இன்ன கோளாறாக இருக்கும் என்று யாரும் சொல்லக் கூடாது, மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் ஒரு பூவன் தார் எப்போதும் தொங்கும். வலியைச் சொன்னவருக்கு முன்னால் ஜெயசீலன் எண்ணெய்க் கறைபடிந்த இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றி" என்று சொல்லி, தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்துக் கையில் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் ஸ்பானரை எடுப்பார். திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றாலும், வலி வெறும் வாயுப்பிடிப்பு என்று தெரியவந்தாலும், கொடுத்த பழம் கொடுத்ததுதான், சொன்ன நன்றி சொன்னதுதான். அந்தத் தாரில் யாரும் தானாகக் கை வைத்ததில்லை, பசித்த பிள்ளைகள்கூட.

இதில் எங்களுக்குப் பழகாமல் இருந்தது அந்த நன்றி ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், "என்ன, வேற்றாளாகிவிட்டோமா?" என்று கோபித்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் பழனாத்தாள் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டு, "போங் சார், இதுக்குப் போயி" என்று ஓடிவிட்டாள். போகப் போக அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே நாங்கள் முட்டியைத் தடவிக்கொண்டு நிற்க ஆரம்பித்தோம்.

இப்போது சம்பூரணத்துக்கு வருகிறேன். சம்பூரணம் எங்கள் ஊரில் மாவு மில் வைத்திருப்பவள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தும், லோடு போய்ச் சேர வேண்டுமே என்று யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துப் போய், திம்பம் மலைப்பாதையில் போய்ச் சேர்ந்தார். ஒரே பெண் தாரணி. சக்கரம் உள்ள எதிலும் மகளை ஏற்ற மனசில்லாத சம்பூரணத்துக்குப் பிறந்த பெண், சக்கரம் தரையை விட்டு எழும்புகிற வண்டியில்தான் ஏறுவேன் என்று நின்றாள். சம்பூரணம் மில்லில் அரைத்த மாவெல்லாம் ஃபீஸாகப் போயிற்று. தாரணி பறப்பதற்கு முன்னால் வெள்ளச்சியை மூக்கிலிருந்து வால்வரை சுற்றி வந்து, ஒவ்வொரு ஆணியையும் மூட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள், கோயில் சுற்றுகிற பெண்ணைப் பார்ப்பது மாதிரி. ஆனால் மகள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினதும் கண்ணை மூடிக்கொள்வாள்.

தாரணி முதன்முறை தனியாகப் பறக்க வேண்டிய நாள் வந்தபோது சம்பூரணத்தால் தாங்க முடியவில்லை. நோவு நேரத்தில் முன்னால் வந்து, வலது காதைப் பொத்திக்கொண்டு, "காது குடையுதுங் சார், உசுரு போகுது" என்றாள். ஜெயசீலன் கைகூப்பி நன்றி சொன்னார், பழம் கொடுத்தார், வெள்ளச்சியை அக்கக்காகக் கழற்றினார். ஒன்றும் இல்லை. மறுபடி பூட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, தாரணியின் முறை தள்ளித் தள்ளி எங்கேயோ போயிற்று. அன்று சாயங்காலம் மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தாரணி சாதாரணமாக, "இப்பக் காது எப்படி இருக்குதும்மா?" என்று கேட்டாள். சம்பூரணம், "இன்னும் குடையுது கண்ணு" என்று இடது காதைப் பிடித்தாள்.

தாரணி கத்தவில்லை. சல்லடையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள், அம்மாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். "சத்தியம் பண்ணு. இனி வெள்ளச்சியப் பத்தி உன்ற வாயில இருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. வலிச்சாலும் சரி, வலிக்காட்டியும் சரி." சம்பூரணம் அழுதுகொண்டே சத்தியம் பண்ணினாள். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அது அந்தத் தலையைத்தான் பிடிக்கும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

பொய் சொன்னவளுக்கு எதற்குப் பழம் கொடுத்தீர்கள் என்று குழந்தைசாமி பிறகு ஒரு நாள் கொட்டகையில் வைத்துக் கேட்டார். ஜெயசீலன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு அவட்ட நான் மூஞ்சியக் காட்டினா, நாளைக்கு நெசமா வலிக்கிற ஆளு வீட்டுல படுத்துக்கிடும். பழந்தானே, இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

மழைக்காலம் போய், தாரணி தனியாகப் பறந்து, பல தடவை பறந்து, கடைசியில் லைசென்ஸுக்கான பறக்கும் தேர்வு வந்தது. தேர்வாளர் வெகுதூரத்திலிருந்து வர வேண்டியவர். ஏற்கெனவே இரண்டு தடவை வராமல் போனவர். இந்தத் தடவையும் தவறினால் தாரணி எழுதித் தேறிய பரீட்சைகளெல்லாம் காலாவதியாகி, முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும், அதற்கு மாவு மில்லை விற்றாலும் காணாது. அன்று விடிந்தபோது சம்பூரணத்துக்கு இடது முழங்கை வலித்தது.

எங்கள் ஊரில் அதுவரை யாருக்கும் இடது முழங்கை வலித்ததில்லை. கம்பு நிறைந்த டின்னைத் தூக்கப் போனவளுக்குக் கை மடங்கவில்லை. மடக்கியபோது உள்ளே ஏதோ கிறீச்சென்றது. கீழே விட்டபோது தன் பாரத்துக்குத் தானே தொங்கியது. சொன்னால் சத்தியம் மகள் தலையைப் பிடிக்கும், சொல்லாவிட்டால் வெள்ளச்சி மகளைக் கொண்டுபோகும், சொன்னாலும் பழைய காதுவலிக்காரி என்று மகளே நம்பமாட்டாள், நம்பி நிறுத்தினால் இத்தனை வருஷப் படிப்பும் போயிற்று. இப்படி ஒரு பக்கம் நினைத்து, மறுபக்கம் நினைத்து, அவள் மில்லைப் பூட்டாமலே கொட்டகைக்கு நடந்து வந்தாள். அவளுக்காக இன்றைக்கும் எங்கள் மனசு அடித்துக்கொள்கிறது.

"யாருக்காவது, எங்கயாவது?" என்று ஜெயசீலன் கேட்டார். பழனாத்தாள் முழங்காலை மடக்கி நீட்டினாள், அப்பாஸ் பல்லைக் கடித்துப் பார்த்தார், விஜயா எச்சில் விழுங்கினாள், குழந்தைசாமி வழக்கம்போலக் கையை உதறி ஏமாந்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற சம்பூரணத்தை ஜெயசீலன் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் தலையாட்டவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. தேர்வாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

தாரணி வெள்ளச்சியைச் சுற்றி வந்தாள். மூக்கைத் தொட்டாள், இறக்கையைத் தடவினாள், சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். வாலுக்கு வந்து, பின்னால் மேலும் கீழுமாக அசைகிற அந்த மடலைப் பிடித்து மெல்லத் தூக்கி மெல்ல இறக்கினாள், ஆணிகள் ஆணிகளாகத்தான் இருந்தன, வெளியே எதுவும் தெரியவில்லை. அவள் தூக்கி இறக்கியபோது வேலிக்கு இந்தப் பக்கம் சம்பூரணம் முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். எல்லோரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. தாரணியும் தேர்வாளரும் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். இஞ்சினைக் கிளப்புவதற்கு முன், முன்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதற்காக ஜன்னல் வழியாகச் சத்தம் கொடுப்பது வழக்கம். தாரணி சத்தம் கொடுத்தாள். "கிளியர்!"

முன்னால் சம்பூரணம் நின்றாள்.

எப்போது கொட்டகைக்குள் போனாள், எப்போது வெளியே வந்தாள் என்று தெரியாது. வாயில் முந்தானை, தொங்குகிற இடது கை, வலது கையில் உயர்த்திப் பிடித்த ஒரு பூவன் பழம். யாரும் கொடுக்காமல், யாரும் நன்றி சொல்லாமல், அவளே தாரிலிருந்து பிய்த்த பழம். 

"யாரும்மா இது? தள்ளி நிற்கச் சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

தாரணி அம்மாவைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள். சாவியைத் திருப்பியிருக்கலாம், இன்னொரு காதுவலி என்று எல்லோரும் நம்பியிருப்போம், அவள் மேல் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டோம். தாரணி சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "சார், எறங்குங்க. அது எங்கம்மா. அவங்களுக்கு வலிக்குது."

இறங்கி வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. நிஜமா என்று கேட்கவில்லை. ஜெயசீலன் ஸ்பானரைத் தொடவில்லை, ஒரு தகடுகூட இன்னும் கழற்றவில்லை, உள்ளே இருப்பதோ இல்லாததோ ஒருவருக்கும் தெரியாது. தாரணி இரண்டு கையையும் கூப்பினாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள்.

பெற்ற தாய்க்கு மகள் நன்றி சொல்லி எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. ஒருவருக்கும் கோபம் வரவில்லை, பழனாத்தாள் சத்தமாகவே அழுதாள். ஒரு கையால் சம்பூரணத்துக்குத் தோலுரிக்க முடியாதென்று கண்டு, தாரணி அந்தப் பழத்தை வாங்கி உரித்து, முந்தானையை எடுத்துவிட்டு அம்மாவின் வாயில் வைத்தாள். பிறகு அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "போட்ட சத்தியத்தத் திருப்பி எடுத்துக்கம்மா. கேட்டவளே விட்டுட்டேன். இப்பச் சொல்லு" என்றாள்.

"மொழங்கை கண்ணு" என்று வாய் நிறையப் பழத்தோடு சம்பூரணம் கதறினாள். "எடது மொழங்கை. நீ வால அசைச்சப்ப உசுரே போச்சு சாமி."

ஜெயசீலன் வாலுக்குப் போனார். இடது பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். மடலைத் தாங்குகிற உலோகத் துண்டு, முடியளவு விரிசல் விட்டிருந்தது, அவர் விரல் பட்டதும் இரண்டாகப் பிட்டுக்கொண்டு கைக்கே வந்துவிட்டது. அது மேலே போய் முறிந்திருந்தால் வெள்ளச்சிக்கு மூக்கைத் தூக்கவும் தெரியாது, இறக்கவும் தெரியாது. அவர் அதைத் தேர்வாளரின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாவது சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சம்பூரணத்திடம் போய், அவரும் கைகூப்பினார். புதுத் துண்டு வந்து சேரும்வரை நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று சொல்லி, எங்கள் பால் சொசைட்டி மாடியில் தங்கிக்கொண்டார். தலைவர் குழந்தைசாமி வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய் வைத்து, தன் பங்குக்கு வெள்ளச்சிக்கு ஏதோ செய்த திருப்தியை ஒருவழியாக அடைந்தார்.

புதுத் துண்டைப் பூட்டி முடித்த அன்று சம்பூரணம் மாவு டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். தாரணி தேர்வில் தேறினாள். இப்போது அவள் எங்கள் கொட்டகையிலேயே சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறாள், பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் இன்னும் போகவில்லை. நல்ல காலம்.

ஓடுபாதைக்குப் போகிறதுக்கு முன்னால் விமானி எல்லாவற்றையும் ஒரு தடவை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த நேரத்துக்குச் சரியாகச் சம்பூரணம் மில்லை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நிற்பாள். இடது கையை உயர்த்தி, முழங்கையை மடக்கி, நீட்டி, வலி இல்லை என்று மகளுக்குக் காட்டுவாள். அங்கே தாரணி கைப்பிடியை இழுத்து விட, வெள்ளச்சியின் வால் மடலும் மேலே போய்க் கீழே வரும். அம்மாவின் கையும் வெள்ளச்சியின் வாலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பிறகு விமானம் ஓடி எழும்பும்போது, இப்போதெல்லாம் சம்பூரணம் கண்ணை மூடிக்கொள்வதில்லை.